கரடி பேசாது

கடலூரில் என்னோடு வளர்ந்தவர்களுக்குத் தியேட்டர் கரடியைத் தெரியும். மறந்திருக்க மாட்டீர்கள். நெஞ்சில் சினிமா போஸ்டர், முதுகில் காட்சி நேரம் எழுதிய அட்டை. லாரன்ஸ் ரோட்டிலும் மஞ்சக்குப்பத்திலும் வெயிலில் நடந்து வரும். நீங்கள் பின்னாலேயே ஓடி வந்து வாலைப் பிடித்து இழுப்பீர்கள். கரடிக்கு அவ்வளவு நீள வால் கிடையாது. தைத்த டெய்லர் கரடியைப் பார்த்ததில்லை. குரங்கைத்தான் பார்த்திருக்கிறார்.

உள்ளே இருந்தது என் அப்பா. கரடியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நடந்து வருவாள். அது நான்.

நான் எட்டாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கமில்லை. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் நம் வகுப்பில் படித்த ஒருத்தியைப் பார்த்தேன். காதோரம் அதற்குள் வெள்ளை. எனக்கும்தான். முட்டிவலி, பிள்ளைகள், ரேஷன் கடை என்று பேசிக்கொண்டிருந்தோம். நடுவில், "அந்தக் கரடிக்குள்ள இருந்தவரு ஊமைதானே?" என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள்.

ஊமையில்லை. அதைச் சொல்லத்தான் இது.

கரடி ஆவதற்கு முன்னால் அப்பா குரலாக இருந்தார். ஆட்டோவின் தலையில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். பின்சீட்டில் பேட்டரி, ஆம்ப்ளிபயர். அதற்குப் பக்கத்தில் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். மைக்கின் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டியிருக்கும். எச்சில் தெறிக்காமல் இருக்க அது. கைக்குட்டை எப்போதும் வெற்றிலை வாசம் அடிக்கும்.

நோட்டீஸ் ஞாபகம் இருக்கிறதா? ரோஸ், மஞ்சள், பச்சைத் தாள். பிடித்தால் கையில் சாயம் ஒட்டும். அதற்குத்தான் எல்லோரும் ஆட்டோ பின்னால் ஓடினீர்கள். எனக்கு ஓட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தது. அடுப்பு பற்றவைக்க அதுதான்.

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். தாள் பார்த்துப் பேசமாட்டார். மேனேஜர் ஒரு முறை சொல்வார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஏறி உட்கார்ந்து மைக்கைப் பிடித்தால் ஒரு சொல் தப்பாது. "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே" என்று தொடங்குவார். படம், நடிகர், பாட்டு, சண்டை எல்லாம் சொல்லிக் கடைசியில், "காணத் தவறாதீர்கள்! காணத் தவறாதீர்கள்!" என்று முடிப்பார். முதல் தடவை வெட்டினாற்போல் வரும். இரண்டாவதை இழுப்பார். பஸ் தூரமாகப் போகிற மாதிரி அது தேய்ந்துகொண்டே போகும். தெருவில் பிள்ளைகள் எல்லோரும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். நான் அப்பா மாதிரியே சொல்வேன்.

குடியிருந்தது தியேட்டருக்குள். திரைக்குப் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரே அறை. வேலை இருக்கும் வரை அறை. சண்டைப் படம் ஓடினால் அலமாரியில் டம்ளர் ஆடும். அழுகைப் படம் ஓடினால் அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே மூக்கை உறிஞ்சுவாள். எல்லாப் படத்தின் வசனமும் எங்களுக்குத் தெரியும். ஒரு படமும் பார்த்ததில்லை. காட்சி தொடங்கியதும் வாசல் கேட்டை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். டிக்கெட் இல்லாமல் யாரும் நுழையக் கூடாதாம். நாங்கள் உள்ளே இருப்பதை யாரும் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. உப்பு தீர்ந்துபோனாலும் இடைவேளை வரை காத்திருக்க வேண்டும்.

கடல் உள்ளே வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவரவர் அன்று எங்கே இருந்தோம் என்று அவரவருக்குத் தெரியும். நான் சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தேன். காலைக் காட்சிக்கு வந்தவர்கள் டிக்கெட் வரிசையிலிருந்து அப்படியே ஓடினார்கள். கூட்டம் போனபிறகு தரையெல்லாம் செருப்பு. தியேட்டர் மேட்டில் இருந்தது. தண்ணீர் எங்களிடம் வரவில்லை.

மத்தியானம் கலெக்டர் ஆபீஸ் ஜீப் ஒன்று வந்தது. "மைக் வண்டி யாருது?" என்று கேட்டார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். ஆட்டோ ஓட்டுகிறவர் அப்பாவை மச்சான் என்று கூப்பிடுவார். எனக்கு மாமா. அவரும் போனார். எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு, எந்த மண்டபத்தில் படுக்கலாம், எந்தப் பக்கம் போகக் கூடாது என்று அன்றெல்லாம் சொல்லிக்கொண்டே சுற்றினார்கள்.

மறுநாள் வேறு வேலை கொடுத்தார்கள். பெரியாஸ்பத்திரியில் யார் என்று தெரியாத உடல்கள் இருந்தன. அங்கிருந்த ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்து அடையாளம் சொன்னார். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். பிறகு வண்டியில் ஏறினார்.

தியேட்டர் வாசல் வழியாக வண்டி வந்தது. நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பெண் குழந்தை. வயது ஐந்து, ஆறு இருக்கலாம். அரக்குக் கலர் பாவாடை. மஞ்சள் சட்டை. இடது காதில் மட்டும் தோடு. வலது முழங்காலில் பழைய தழும்பு. உடல் பெரியாஸ்பத்திரியில் வைக்கப்பட்டுள்ளது. உறவினர்கள் உடனே வரவும்."

சரியாகத்தான் சொன்னார். அப்புறம் வாய் தானாகவே போய்விட்டது.

"காணத் தவறாதீர்கள். காணத் தவறாதீர்கள்."

இரண்டாவதை இழுத்தார். எப்போதும் போல.

சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. அடுத்த தெருவுக்கும் அதையே சொல்லிக்கொண்டு போனார்.

வெயில் சாயும்போது மாமா அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். சட்டைப் பை கிழிந்திருந்தது. உதடு வீங்கியிருந்தது. அம்மா ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"யாரு அடிச்சாங்க? எதுக்கு அடிச்சாங்க?"

"வண்டியிலேருந்து இஸ்த்து வுட்டாங்க தங்கச்சி. நாலஞ்சு பேரு. செத்த கொழந்தய வெச்சி சினிமாவாடா காட்டுறன்னு கேட்டாங்க."

அப்பா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் என்னா சொன்னேன்?"

மாமா அப்பாவின் கிழிந்த சட்டைப் பையை மடித்துவிட்டார்.

"சொல்லு மச்சான். நான் என்னா சொன்னேன்?"

"காணத் தவறாதீங்கன்னுட்ட மச்சான். ஒவ்வொரு பொணத்துக்கும்."

அப்பா தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

தியேட்டர் சில நாள் மூடிக் கிடந்தது. பொங்கலுக்குப் புதுப்படம் வந்தது. சீரியல் பல்பு போட்டார்கள். மைக்கைத் துடைத்துக் கொடுத்தார் மேனேஜர். அப்பா ஏறினார். நானும் நோட்டீஸ் வீச ஏறினேன்.

முதல் தெருவில் அவர் "அன்பார்ந்த" என்று தொடங்கினார். கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த வீட்டிலும் சாத்தினார்கள். நோட்டீஸுக்கு ஒரு பிள்ளையும் ஓடி வரவில்லை. வீசின தாள் அப்படியே ரோட்டில் கிடந்தது. இரண்டாவது தெருவில் ஒரு சின்னப் பையன் குரலைக் கேட்டதும் அழத் தொடங்கினான். மூன்றாவதில் ஒரு பெரியவர் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை.

"தம்பி, நீ தப்பானவன் இல்ல. எனக்குத் தெரியும். ஆனா உங் கொரல் இந்தத் தெருவுக்கு வேணாம். எங்க வூட்டுல தூங்க மாட்டேங்கறாங்க."

மாமா வண்டியைத் திருப்பினார். செருப்பு ஒன்று குழாய் மேல் வந்து விழுந்தது. யார் எறிந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை.

முதலாளிக்குச் சிதம்பரத்திலும் ஒரு தியேட்டர். "அங்க போய் பேசுய்யா. அங்க உன்ன யாருக்குத் தெரியும்?" என்றார் மேனேஜர். ஒரு சனிக்கிழமை போனோம். சிதம்பரம் போனதும் மாமாவே உற்சாகமாகிவிட்டார்.

"மச்சான், இங்க எல்லாரும் நடராஜரப் பாக்க வந்தவங்க. நம்மள எவன் பாக்கப் போறான்? தொண்டையத் தொற."

அப்பா சிரித்தார். அந்த மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. மேல வீதியில் பேசினார். நன்றாகப் பேசினார். பூக்கடைக்காரர் தலையாட்டினார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நான் நோட்டீஸை வாரி வாரி வீசினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மார்க்கெட் பக்கம் திரும்பினோம். மீன் விற்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடலோரத்திலிருந்து கூடை சுமந்து வருகிறவர்கள். அது எங்களுக்குத் தோன்றவில்லை. அப்பா, "காணத் தவறாதீர்கள்" என்றார்.

ஒரு பெண் சடாரென்று எழுந்தாள். பெரிதாக ஏதோ கத்தினாள். எங்கள் வண்டியைப் பார்த்து ஓடிவந்தாள். கையில் மீன் அறுக்கிற கத்தி.

"மச்சான், கத்தியோட வர்றா! புடிச்சிக்கோ!"

மாமா வண்டியை விரட்டினார். ஒரு சைக்கிளைத் தட்டினோம். கூடை ஒன்று கவிழ்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் கையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவந்தாள். பிறகு ரோட்டின் நடுவில் நின்றுவிட்டாள்.

மைக் அப்பா கையிலேயே திறந்திருந்தது. அவர் மூச்சு வாங்குவது குழாயில் கேட்டது. சிதம்பரம் முழுக்க அதைக் கேட்டிருக்கும். நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

அதிலிருந்து அப்பா வெளியே பேசுவதை விட்டுவிட்டார். கடையில் விரலால் காட்டுவார். பஸ்ஸில் டிக்கெட் நான் வாங்குவேன். வீட்டில் அம்மாவிடம் ஒன்றிரண்டு சொல். அதுவும் படம் ஓடும்போது. சத்தத்தில் அமுங்கிப் போகும்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு யோசனை வந்தது. அப்பாவையும் என்னையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"பொண்ணு உன்ன மாதிரியே பேசுதாமே? அது பேசட்டும். நீ பக்கத்துல சும்மா உக்காரு. கொழந்தக் கொரலுக்கு யாரு செருப்பு எறியப் போறாங்க? புதுசாவும் இருக்கும். எங்க பாப்பா, பேசிக் காட்டு."

எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். கையை மடக்கி மைக் மாதிரி வைத்துக்கொண்டேன். அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே என்றேன். படம் சொன்னேன், பாட்டு சொன்னேன். மேனேஜர் மேசையைத் தட்டினார். கடைசிக்கு வந்தேன். "காணத்" என்று வாயைத் திறந்தேன். அப்பாவின் கை வந்து என் வாயை மூடிவிட்டது. அழுத்தி மூடினார். பல் உதட்டில் குத்தியது. கையில் போஸ்டர் பசை வாசம். அப்போது அவருக்கு ஒட்டுகிற வேலைதான்.

மேனேஜருக்குப் புரியவில்லை. "என்னய்யா?" என்றார்.

அப்பா ரூமைச் சுற்றிப் பார்த்தார். பீரோ மேல் ஒரு கரடித் தலை இருந்தது. முன்பு ஒரு டப்பிங் படத்துக்காகச் செய்தது. ஒரு வாரம்கூட ஓடாத படம்.

"நான் அதப் போட்டுகினு நடக்கறேன் சார்."

"எத? கரடியையா?" மேனேஜர் சிரித்துவிட்டார். "கரடி பேசாதுய்யா."

"அதான் சார்."

அம்மாவுக்கு ஆத்திரம். "பெத்த பொண்ணு பேர் வாங்கிடுவான்னு பொறாமை. வேற என்னா? நாளெல்லாம் ஒக்காந்து பேசினா போதும்னாரு. அத வுட்டுட்டு கரடியாம், கரடி." அண்ணாகிராமத்தில் அம்மாவின் அண்ணன் இருந்தார். எங்கள் கதை கேட்டு வந்தார்.

"மச்சான், முந்திரி ஒடைக்க ஆளு வேணும். ரூம் தரேன். பலாப்பழம் சும்மாவே கெடைக்கும். ஏன் இந்தப் பொந்துல கெடக்கறீங்க? கெளம்புங்க."

அப்பா தலையை ஆட்டி மறுத்தார்.

"காரணம் சொல்லு."

சொல்லவில்லை. அம்மா அன்று என்னைப் பிடித்து, "உங்கப்பனுக்குக் கிறுக்கு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணாகிராமத்தில் போய் உட்கார்ந்தால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். கரடியிடம் யாரும் கேட்க மாட்டார்கள். இது இப்போது தோன்றுகிறது. அந்தச் சொல் என் வாயில் ஒட்டக் கூடாது என்று நினைத்திருக்கிறார் என்பதும் இப்போதுதான் தோன்றுகிறது. கேட்டால் சொல்லியிருக்கவும் மாட்டார்.

தலை காகிதக் கூழில் செய்தது. மேலே கறுப்புச் சணல் ஒட்டியிருக்கும். உடம்புக்குச் சாக்கில் தைத்த உறை. கரடியின் வாய் திறந்திருக்கும். அதில் கறுப்பு வலைத்துணி. அதன் வழியாகத்தான் அப்பா பார்ப்பார். நேரே மட்டும் தெரியும். பக்கத்தில் வருகிற சைக்கிள், குழி, மாடு எதுவும் தெரியாது. அதனால் நான் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். பள்ளிக்கூடம் விட்டபிறகும் லீவு நாளிலும்.

நாடா பின்கழுத்தில். கை எட்டாது. கட்டுவதும் அவிழ்ப்பதும் நான்தான். வேர்வையில் முடிச்சு இறுகிவிடும். பல்லால் கடித்து இழுப்பேன். சணலும் உப்புமாக வாயில் வரும். அந்தச் சுவை இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஒருநாள் மத்தியானம் போஸ்ட் ஆபீஸ் பக்கம் போகச் சொன்னார்கள். அம்மாதான் நாடா கட்டினாள். மாமா கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அதற்குள் காட்சி தொடங்கிக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அம்மா உள்ளே. நான் பள்ளிக்கூடத்தில். சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், "இரு, நான் அவுத்து வுடறேன்" என்றிருக்கிறார். அப்பா கையால் தடுத்துவிட்டார். வேறு யாரும் தலையைக் கழற்றக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது வரிசையாக நிற்கிற சைக்கிள்களுக்கு நடுவில் கரடி உட்கார்ந்திருந்தது. சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் அதன் வாய்க்குள் ஸ்ட்ரா விட்டு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, உங்கப்பன் ஒரு மொடா மோர் குடிச்சிட்டான். இதுக்கு மேல என்னால ஆவாது" என்றார்.

சிரிப்பும் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். காதல் படத்துக்குக் கரடி கையில் ரோஜா கொடுத்தார்கள். சாமி படம் வந்தபோது நெற்றியில் திருநீறு பூசினார்கள். ஒரு கிழவி ரோட்டில் விழுந்து கும்பிட்டாள். சண்டைப் படத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. அது விழுந்து விழுந்து நான் எடுத்து எடுத்து மாட்டுவேன். பிள்ளைகள் திரும்ப ஓடி வந்தார்கள். தெருவில் கதவுகள் திறந்தன. குறுக்கே வந்து நின்ற அந்தப் பெரியவரே வாசலில் நின்று, "கரடியாரே, படம் எப்படி?" என்று கேட்டார். அப்பா இரண்டு கையையும் ஆட்டினார். பெரியவர் சிரித்தார். யாரிடம் கேட்டோம் என்று அவருக்குத் தெரியாது.

கோடை லீவில் மேனேஜர் சொன்னார்: "சிதம்பரத்துக்குக் கரடி போகணும். அங்க கூட்டமே இல்ல."

அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"யோவ், கரடிய யாரு வெட்டப் போறாங்க? போய்ட்டு வா."

மாமாவுக்கு அன்று வேறு சவாரி. பஸ்ஸில் போனோம். தலையைச் சாக்கில் போட்டு என் மடியில் வைத்துக்கொண்டேன். "ஒண்ணரை சிதம்பரம்" என்றேன். கண்டக்டர் சாக்கை விலக்கிப் பார்த்தார்.

"இதுக்கு லக்கேஜ் போடறதா, டிக்கெட் போடறதா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முட்லூர் தாண்டிச் சிதம்பரம் நெருங்கியதும் கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

மார்க்கெட் பக்கம் போகவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கீழ வீதியில் நடந்தோம். தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. கோயிலைச் சுற்றிக் கூட்டம். பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் வாலை இழுத்தான். நான் அவனைத் தள்ளிவிட்டுத் திரும்பினேன்.

அந்தப் பெண் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

தலையில் காலிக் கூடை. வியாபாரம் முடித்து வந்திருப்பாள். அவள்தான். ஓடி வந்த முகம் எனக்கு மறக்கவில்லை. நான் கரடியின் கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா நகரவில்லை. வலைக்கு நேரே அவள். அவரும் பார்த்துவிட்டார்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். என்னைத்தான் கேட்டாள்.

"பாப்பா, அன்னிக்கு மைக் வண்டியில நோட்டீஸ் போட்டது நீதானே? உள்ள இருக்கறது அந்த மைக் பேசறவரா?"

நான் கரடிக்கு முன்னால் வந்து நின்றேன்.

"மார்க்கெட்டுல நான் அம்மாந்தூரம் ஓடியாந்தேன். நிக்காம பூட்டீங்களே."

"நீங்க கத்தி வெச்சிருந்தீங்க."

அவள் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"மீன் அறுத்துகினு இருந்தேன்டி. கொரல் கேட்டதும் எழுந்து ஓடியாந்துட்டேன். கத்திய கீழ வெக்கணும்னு தோணவே இல்ல."

பிறகு கரடியைப் பார்த்தாள். அண்ணே என்று கூப்பிட்டாள்.

"அரக்கு பாவாட, மஞ்ச சட்ட. அது எம் பொண்ணுண்ணே."

கரடி அசையவில்லை.

"கடலூருல நாத்தனா வூட்டுல என்னை வெச்சி கதவ சாத்திட்டாங்க. போகாத, பாக்காத, பாத்தா தாங்க மாட்டன்னாங்க. எங்க வூட்டாளும் அதான் சொன்னாரு. ஆம்பளங்க போய்ப் பாத்துக்கறோம்னாங்க. யாரும் போவல. அப்போ ரோட்டுல உங் கொரல் வந்துது. பாவாட சொன்ன. தோடு சொன்ன. தழும்பு சொன்ன. கடைசில காணத் தவறாதீங்கன்ன. ரெண்டு வாட்டி சொன்ன. எனக்குத்தான் சொல்றன்னு தோணுச்சு. கதவத் தள்ளிகினு ஓடுனேன்."

நிறுத்தி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"போய்ப் பாத்தேன். நான் பாத்த அப்புறந்தான் குழிக்கு எடுத்துகினு போனாங்க. பாக்காம வுட்டிருந்தா இன்னிக்கும் தேடிகினு இருப்பேன். எங்க குப்பத்துல தேடிகினே இருக்கறவங்க இருக்காங்க."

பிள்ளைகள் கரடி ஆடும் என்று காத்திருந்தார்கள். ஒருவன், "ஏய் கரடி, ஆடு" என்றான்.

"போட்டா கூட ஒண்ணு இல்லண்ணே. வூட்டோட பூடுச்சு. அவளப் பத்தி இப்ப யாரும் பேச மாட்டேங்கறாங்க. நான் பேசினாலும் வாய மூடுன்னுடறாங்க. வெளி ஆளு எம் பொண்ணப் பத்திப் பேசினது நீ ஒருத்தன்தான். அத இன்னொரு வாட்டி சொல்லு. அதுக்குத்தான் அன்னிக்கு ஓடியாந்தேன்."

"கரடி பேசாதும்மா" என்றேன். யார் கேட்டாலும் நான் சொல்கிற பதில் அது. பழக்கத்தில் வந்துவிட்டது.

அவள் நகரவில்லை. நான் பிடித்திருந்த சாக்குக் கைக்குள் விரல்கள் மூடித் திறந்தன.

"பெண் குழந்தை."

கூழுக்கும் சணலுக்கும் உள்ளேயிருந்து வந்தது. தண்ணீருக்கடியில் பேசுகிற மாதிரி.

"வயது ஐந்து, ஆறு இருக்கலாம். அரக்குக் கலர் பாவாடை. மஞ்சள் சட்டை. இடது காதில் மட்டும் தோடு. வலது முழங்காலில் பழைய தழும்பு."

ஒரு சொல் மாறவில்லை. அத்தனை மாதமும் உள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

"டேய், கரடி பேசுதுடா!" என்று ஒருவன் கத்தினான். அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"வண்டி சக்கரத்துல வுழுந்தது அந்தத் தழும்பு" என்றாள் அவள். பிறகு, "அப்புறம்?" என்றாள்.

கரடித் தலை கொஞ்சம் தாழ்ந்தது.

"அப்புறம் ஒண்ணு சொன்னியே. அதயும் சொல்லு."

ஒரு பஸ் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. ஹாரன் அடித்தான். நான் அப்பா கையை விடவில்லை.

"காணத் தவறாதீர்கள்" என்றார்.

ஒரு முறைதான். இழுக்கவில்லை. சினிமாவுக்குச் சொல்கிற மாதிரி இல்லை. இதைச் செய்துவிடு என்று வீட்டு ஆளிடம் சொல்கிற மாதிரி இருந்தது.

அவள் குனிந்து கூடையை எடுத்தாள். கரடியின் கையை ஒரு தடவை பிடித்தாள், விட்டாள். கூட்டத்தில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை.

தேர் நிற்கிற இடத்தில் நிழல் இருந்தது. அங்கே போனதும் அப்பா கழுத்தைத் தாழ்த்தினார். ரோட்டில் தலையைக் கழற்றக் கூடாது என்பது விதி. நான் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முடிச்சைத்தான் பார்த்தேன்.

இதோடு எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மைக்கை அவர் பிறகு தொடவே இல்லை. தியேட்டர் மூடும் வரை கரடிதான். எட்டாவதோடு என்னை நிறுத்தினார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆள் வேண்டுமே. நம் வகுப்பில் நீங்கள் எல்லாம் ஒன்பதாவது போனபோது நான் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். தலை எங்கே போனது என்று தெரியாது. எங்கள் அறை இருந்த இடத்தில் பாத்திரம் கழுவுகிறார்கள்.

அன்று சாயங்காலம் சிதம்பரத்தில் பஸ் ஏறினோம். சாக்கு என் மடியில். கண்டக்டர் பின்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து அப்பா குரல் வந்தது. முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார்.

"கடலூர் ஒண்ணரை!"

கண்டக்டர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

"மெதுவா சொல்லுய்யா. மைக்க முழுங்கிட்டியா?"